கொச்சிப் பகுதிக்கேற்ற மேய்ச்சற் புற்கள்

மேய்ச்சலுக்குப் புல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விளைச்சலை மட்டும் நோக்குதல் போதாது. நிலத்தில் நீர் நிற்குமா, நிழல் எவ்வளவு என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த கடலோரப் பகுதியில் தென்னந்தோப்புகளும் காயலோரத் தாழ்நிலங்களும் அருகருகே உள்ளன. இவ்விரண்டிற்கும் ஒரே புல் பொருந்தாது.

தோப்பிற்குக் கினியாப் புல் ஏற்றது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது மிதமான நிழலைத் தாங்கும். நீர் தேங்கினால் நலிந்துவிடும். நீர் தேங்கும் தாழ்நிலத்திற்குப் பாராப் புல் எனப்படும் நீர்ப்புல் உகந்தது. இதன் தண்டு கணுதோறும் வேர்விட்டுப் படரும். ஆதலால் நெல்வயலுக்கும் வாய்க்காலுக்கும் அது பரவாதவாறு காத்தல் அவசியம்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடுதல் நன்று. கினியாவை வேருடன் பிரித்த தூர்களாகவும், நீர்ப்புல்லைத் தண்டுத் துண்டுகளாகவும் நடலாம். தென்னையைச் சுற்றி 2 மீட்டர் தூரம் புல் நடாமல் விடுக. தொடக்கத்தில் களையெடுப்பதில் தளரலாகாது.

பச்சையைக் கண்டதும் மாட்டை அவிழ்த்துவிடுவதே பெரும்பிழை. வேரூன்றாத தூரை மாடு பிடுங்கிவிடும். உடைமையாளர் அவ்வாண்டு முழுதும் தீவனத்தை விலைக்கு வாங்க நேரிடும். புல்லைக் கையால் பற்றி இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து தூர் நிலைத்தால் மேய்க்கலாம். தூர் பெயர்ந்தால் பொறுத்திருத்தல் வேண்டும். மேய்ந்தபின் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அடித்தாள் எஞ்சுமாறு மாட்டை வெளியேற்றி, புல் மீண்டும் தழைக்க இடைவெளி அளித்தல் வேண்டும். மண் சேறாக உள்ள நாட்களில் புல்லை அறுத்துக் கொட்டிலில் இடுவதே நலம்.