தொழில் பாடம்: கார் சீட்டில் ஸ்வேட் துணி – தெரிந்துகொள்வோம், பாதுகாப்போம்



நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சில குழுக்கள் கார் சீட் கவர் தைக்கும் வேலையை எடுத்துச் செய்கின்றன. சில குழுக்கள் வாடகைக் கார்களை உள்ளே சுத்தம் செய்து தருகின்றன. இரண்டு வேலையிலும் இப்போது அடிக்கடி வருவது ‘ஸ்வேட்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் துணி. தடவினால் மான் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். பார்க்க அழகு, விலையும் அதிகம். ஆனால் இதைப் பற்றித் தெரியாமல் கை வைத்தால் கூலியும் போகும், பெயரும் போகும்.

ஒரு குழுவுக்கு நடந்ததைக் கேளுங்கள். வாடகைக் கார் ஒன்றைச் சுத்தம் செய்ய எடுத்தார்கள். ‘இதென்ன பெரிய வேலை, சோப்புத் தூள் போட்டுத் தேய்ச்சா போயிடும்’ என்று பக்கெட் தண்ணீரை ஊற்றி, துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார்கள். சீட்டுக்குள் இருக்கும் பஞ்சு முழுக்க நனைந்துவிட்டது. கதவைச் சாத்தி வைத்ததில் இரண்டே நாளில் நாற்றம். தேய்த்த இடம் வட்டம் வட்டமாக வெளுத்தது போல் தெரிந்தது. கார்க்காரர் கூலி தரவில்லை. சீட்டுக்கு நஷ்டமும் கேட்டார். குழுச் சேமிப்பில் இருந்துதான் கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் சகோதரிகள் சோம்பேறிகள் இல்லை. அந்தத் துணியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

ஸ்வேட் என்றால் என்ன?

உண்மையான ஸ்வேட் என்பது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குத் தோல் வேலை தெரியும். ஆட்டுத் தோல் போன்றவற்றின் உள்பக்கத்தைத் தேய்த்து, முடி போல மெத்தென்று ஆக்குவதுதான் ஸ்வேட். தண்ணீர் பட்டால் கறை பிடிக்கும், பராமரிப்பதும் கஷ்டம்.

அதே மாதிரி தோற்றத்தைச் செயற்கை இழையில் கொண்டுவந்தவர் ஜப்பான் நாட்டின் டோரே கம்பெனியில் வேலை செய்த மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி. ஆண்டு 1970. அல்ட்ராஸ்வேட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1972-இல் இத்தாலியில் ‘அல்கான்டரா’ கம்பெனி தொடங்கப்பட்டது. விலை உயர்ந்த கார்களில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இதில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று பாலியஸ்டர். நாம் கட்டும் பாலியஸ்டர் சேலை இழைதான், ஆனால் மிக மிக மெல்லியது. 9,000 மீட்டர் நீள இழையை எடை போட்டால் 1 கிராம்கூட வராது. இன்னொன்று பாலியூரித்தேன். இழைகளை ஒன்றாகப் பிடித்து வைக்கும் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்கான்டராவில் ஏறக்குறைய 68 பங்கு பாலியஸ்டர், 32 பங்கு பாலியூரித்தேன்.

கடையில் ‘ஸ்வேட்’ என்று விற்பது எல்லாம் இது அல்ல. சாதாரணப் பாலியஸ்டர் பின்னல் துணியின் மேல்பக்கத்தை உரசி மெத்தென்று ஆக்கி அதையும் ஸ்வேட் என்றே விற்கிறார்கள். விலை குறைவு, உழைப்பும் குறைவு. எந்தத் துணி என்று தெரிந்த பிறகே விலை பேசுங்கள்.

நல்ல துணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் மொத்தமாக வாங்கப் போனாலும், பக்கத்து டவுனில் வாங்கினாலும், முதலில் ஒரு சாண் துண்டு மாதிரி கேளுங்கள். வீட்டில் வைத்து இவற்றைப் பாருங்கள்:

1. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இழை பிரிந்து வந்தால் அது நெய்த அல்லது பின்னல் துணி. பிரியாமல் தோல் மாதிரி நின்றால் மைக்ரோஃபைபர் ஸ்வேட்டாக இருக்கலாம்.
2. ஈரமான வெள்ளைத் துணியால் நன்றாகத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். நாளைக்கு அது கார்க்காரரின் வெள்ளை வேட்டியில் ஒட்டும்.
3. துண்டை இரண்டாக மடித்து ஒன்றோடு ஒன்று கொஞ்ச நேரம் உரசுங்கள். சின்னச் சின்ன உருண்டை எழும்பினால் சீக்கிரம் பழசாகும் துணி.
4. கடைக்காரரிடம் ‘மார்ட்டின்டேல் எண் எவ்வளவு?’ என்று கேளுங்கள். துணியை மெஷினில் கம்பளித் துணியால் உரசி, எத்தனை உரசல் தாங்குகிறது என்று எண்ணும் சோதனை அது. எண் அதிகமானால் உழைப்பு அதிகம். ‘படிச்ச பொண்ணு மாதிரி கேக்குறியே’ என்று சிரித்தாலும் சிரிக்கட்டும். பணம் நம்முடையது.

எதனால் கெடுகிறது?

நல்ல துணியாக இருந்தாலும் நான்கு எதிரிகள் உண்டு.

மண்ணும் தூசியும்: நம் ஊர் ரோட்டுப் புழுதி நுண்ணிய மணல்தான். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அது உப்புத்தாள் மாதிரி இழையை அறுக்கும். கண்ணுக்குத் தெரியாமலே துணி தேயும்.

வியர்வையும் எண்ணெயும்: தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய், கை வைக்கும் இடத்தில் வியர்வை. மெத்தென்ற முடி படிந்து பளபளவென்று ஆகிவிடும்.

வெயிலும் ஈரமும்: வெயிலில் சாத்தி நிறுத்திய காருக்குள் அடுப்பு மாதிரி சூடு ஏறும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் மெல்ல மெல்லப் பலம் இழக்கும். விலை குறைந்த ரெக்ஸின் பை சில வருடத்தில் பிசுபிசுத்து உரிவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே கதைதான்.

உரசலும் சாயமும்: பேன்ட் பித்தளைக் குமிழ், பெல்ட் பக்கிள், பையின் ஒட்டுப்பட்டை இழையை இழுக்கும். புது ஜீன்ஸின் நீலச் சாயம் வெளிர் நிறச் சீட்டில் ஏறிவிடும்.

சுத்தம் செய்யும் முறை

முதல் படி: வேக்குவம் கிளீனரில் மெல்லிய பிரஷ் முனை போட்டுத் தூசியை எடுங்கள். இல்லையென்றால் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத் துணி போட்டால் அது சேறாகிவிடும்.

இரண்டாம் படி: சாயம் போகாத வெள்ளைக் காட்டன் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் இறுக்கிப் பிழியுங்கள். அழுத்தாமல் சீட் முழுவதும் துடையுங்கள். ஒரு இடத்தை மட்டும் துடைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். துணியை அடிக்கடி அலசுங்கள்.

மூன்றாம் படி: நிழலில், நான்கு கதவையும் திறந்து வைத்துக் காய விடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். ஈரத்தோடு கதவைச் சாத்தவே கூடாது.

நான்காம் படி: நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் மெல்ல வாருங்கள். படிந்த முடி எழும்பும், பழைய அழகு திரும்பும்.

கறை பட்டால்

எந்தக் கறையானாலும் உடனே கவனியுங்கள். முதலில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி வாருங்கள். கறையின் மேல் எதையும் நேராக ஊற்றாதீர்கள், துணியில் எடுத்து ஒற்றுங்கள்.

• ஜூஸ், டீ, கூல்டிரிங்க்ஸ்: வெதுவெதுப்பான தண்ணீர். நிறம் போகவில்லை என்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்த துணி.
• ரத்தம், முட்டை, குழந்தை சிறுநீர்: பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தமும் முட்டையும் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.
• தலை எண்ணெய், கிரீஸ்: சோள மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு எடுங்கள். மிச்சத்துக்குத் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றலாம். முதலில் சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் சோதியுங்கள்.
• சாம்பார், மஞ்சள்: சோப்பு போடாதீர்கள். காரம் உள்ள சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். முதலில் தண்ணீரால் ஒற்றி எடுங்கள். லேசாக மிஞ்சும் நிறம் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.
• சூயிங்கம்: ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் வைத்து அதன் மேல் வையுங்கள். கெட்டியானதும் பெயர்த்து எடுங்கள்.

பிளீச்சிங், பெட்ரோல், தின்னர் கூடவே கூடாது. பெட்ரோல், தின்னர் ஆவி மூடிய காருக்குள் தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். பசை ஒட்டும் வேலை இருந்தாலும் கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் வேண்டாம். கறை போகாவிட்டால் பரவாயில்லை, நம் உயிரும் உடம்பும் முக்கியம்.

தைக்கும் சகோதரிகளுக்கு

துணியைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வெளிராகவும் எதிர்ப் பக்கம் தடவினால் கறுத்தும் தெரியும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரே சீட்டில் இரண்டு நிறம் இருப்பது போல் தெரியும். துணி கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கும். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல் பாலியஸ்டர் அல்லது நைலானாக இருக்கட்டும். காட்டன் நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுவிடும். தையல் மிக நெருக்கமாக வேண்டாம். ஓட்டை நெருங்கினால் தபால் தலை மாதிரி கிழியும். அயர்ன் செய்தால் பின்பக்கம், குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டுச் செய்யுங்கள்.

இனி மிக முக்கியமான ஒன்று. பல புதிய கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. சீட் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்னச் சீட்டு இருக்கும். விபத்து நடந்தால் அது சீட்டைக் கிழித்துக்கொண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளியே வர வேண்டும். நாம் பலமான துணியால் அந்த இடத்தை மூடி இரட்டைத் தையல் போட்டால், உயிர் காக்கும் பை உள்ளேயே தடைபடலாம். எனவே அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். அதற்கென்றே பிரியும் தையலோடு, சோதித்துத் தயாரித்த கவர்கள் உண்டு. நம் ஊகத்தில் அப்படித் தைக்கக் கூடாது. வாடிக்கையாளர் ‘பரவாயில்ல, மூடித் தைச்சிடும்மா’ என்றாலும் ‘முடியாதுங்க’ என்று சொல்லுங்கள். ஒரு ஆர்டர் போனால் இன்னொன்று வரும். சீட் பெல்ட் கொக்கியும், குழந்தை சீட் மாட்டும் கொக்கியும் மறையக் கூடாது.

வேலை எடுக்கும் முன்

காரைப் பார்த்தவுடன் இருக்கிற கறை, கிழிசல், தேய்மானம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள். கார்க்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ‘பழைய கறை முழுசாப் போகும்னு சொல்ல முடியாதுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய வைக்கும் நேரத்தையும் கூலியில் கணக்கிடுங்கள். ஒரே நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, ஈரத்தோடு அனுப்பாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. துணி வாங்கும் முன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள் எவை? ஒரு துண்டுத் துணியில் செய்து பாருங்கள்.
2. ரத்தக் கறைக்கு ஏன் சுடுதண்ணீர் ஆகாது?
3. ஏர்பேக் உள்ள சீட்டை மூடித் தைக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டு பேர் கார்க்காரராகவும் தையல்காரராகவும் பேசி நடித்துக் காட்டுங்கள்.
4. வேலை எடுக்கும் முன் கையெழுத்து வாங்குவது என்று தீர்மானம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

படிக்கத் தெரிந்த சகோதரி மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கை வேலையோடு விவரமும் சேர்ந்தால், கூலியைக் கேட்டு வாங்கும் தைரியம் தானாக வரும்.