முன்னோர் வாழ்ந்த வளவைத் தேடுதல்: பழைய உறுதிகளை வாசிக்கும் முறை



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதான மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர், "தம்பி எவடம்?" என்று கேட்டார். தெல்லிப்பளை என்றேன். "அது சரி, தெல்லிப்பளையிலை எவடம்?" வீமன்காமம் என்றேன். "வீமன்காமத்திலை எவடம்?" என்று அவர் விடவில்லை. அந்த மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். 1990 ஜூனில் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது எனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கிணறும் மாமரமும் தெரியும், காணியின் பெயர் தெரியாது. எமது பிள்ளைகளுக்கோ ஊரின் பெயரே ஐயம். ரெய்னர்ஸ் லேனில் பிறந்த பிள்ளை "ஹரோ" என்று சொல்வதில் பிழையொன்றும் இல்லை. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

நான் முதலில் விட்ட பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். வெள்ளையர்கள் தங்கள் வம்சத்தைத் தேடுவதுபோல நானும் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். எமக்கு அப்படியல்ல. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்து ஆகிறது, பேரனுக்கு அதுவும் மறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர். அப்பப்பாவின் பெயரில் அந்த வீட்டைத் தேடி இரண்டு வருடங்கள் வீணாயின. பிறகுதான் உறைத்தது, அந்த வீடு அவருடையதே அல்ல. அது அப்பம்மாவின் சீதனம்.

யாழ்ப்பாணத்துக் காணி விடயத்தில் இதுதான் திறவுகோல். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையை எழுத்தில் தொகுத்து, பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டி ஒப்புதல் பெற்றார். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக்கினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று வகைச் சொத்தில், சீதனம் பெண் பிள்ளைக்கு. குடியிருந்த வீடும் வளவும் பெரும்பாலும் அப்படியே மகளுக்குப் போயின, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறினார். ஆகவே ஒரு வீட்டின் கதையை அறிய வேண்டுமானால் தாய், தாயின் தாய், அவருடைய தாய் என்றுதான் பின்னோக்கிப் போகவேண்டும். நாம் அறிந்த வம்சாவளி ஆண்களின் பட்டியல். நாம் வாழ்ந்த வீடுகளோ பெண்கள் வழி வந்தவை.

மனிதரின் பெயர் மாறினாலும் காணியின் பெயர் மாறுவதில்லை. கூழாவடி, நாவலடி, இலுப்பையடி, இன்னார் வளவு, ஏதோ ஒரு கலட்டி, புலம், தறை. மரம் பட்டுப்போய் நூறு வருடமானாலும் உறுதியில் "அடி" அப்படியே நிற்கும். எனவே வயது போனவர்களிடம் "எங்கள் பூட்டனார் பெயர் என்ன?" என்று கேட்க முன் "காணிக்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள்.

எமது அப்பம்மா ஓடும்போது ஒரு பால்மா ரின்னுக்குள் உறுதிகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அதில் 1934ஆம் ஆண்டுச் சீதன உறுதி ஒன்று. முதலில் மாவட்டம், பிறகு வலிகாமம் வடக்கு, பிறகு கோயிற்பற்று, பிறகு இறக்கம், அதன்பின் காணிப் பெயர், பரப்பு, நான்கெல்லை என்று போகும். கோயிற்பற்று என்றதும் நமது கோயிலை நினைக்கவேண்டாம். அது போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயப் பிரிவு. சைவக் குடும்பங்களின் உறுதியிலும் இன்றுவரை அதுதான் இருக்கிறது! பரப்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆங்கில உறுதிகளில் லாச்சம் என்று எழுதப்படும். வரகு அளவில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெல் அளவில் 24 பரப்பு ஓர் ஏக்கர். தோட்டக் காணிக்கு ஒன்று, வயலுக்கு மற்றது. கணக்காளனாகிய நானே இதைக் கவனியாமல் எங்கள் வயலை ஒன்றரை மடங்கு பெருப்பித்து வைத்திருந்தேன்.

நான்கெல்லைதான் உறுதியின் உயிர். கிழக்கே இன்னார், வடக்கே இன்னார், மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் பெண்சாதி இன்னார். எமது தொழிலில் இரட்டைப் பதிவு என்போம். ஒரு கொடுக்கல் வாங்கல் இரண்டு இடத்தில் பதியப்படும். எல்லையும் அப்படியே. எமது வடக்கு எல்லைக்காரருக்கு நாம் தெற்கு எல்லை. உங்கள் உறுதி எரிந்து போயிருந்தாலும், பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உங்கள் பாட்டியின் பெயர் இருக்கும். அதோடு கிணற்றுப் பங்கையும் பாருங்கள். எங்கள் உறுதியில் "கிணற்றில் ஆறிலொரு பங்கும், துலாவும், வாய்க்காலும், வழியும்" என்றிருந்தது. மற்ற ஐந்து பங்கும் யாருடையவை? அநேகமாக ஒரே தாயின் பிள்ளைகளாகவே இருப்பார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாததால், காணியைப் பிரித்த பிறகும் உறவு அங்கே பதிவாகி நின்றுவிடுகிறது.

உறுதியின் பின்புறத்தில் காணிப் பதிவகத்தின் முத்திரையும் தொகுதி, பக்க இலக்கங்களும் உண்டு. பதிவகப் புத்தகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம். விற்பனை, ஈடு, நன்கொடை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பக்கம் நிரம்பினால் வேறு பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, எங்கிருந்து வந்தது என்ற இலக்கமும் போடப்படும். ஆகவே ஓர் இலக்கம் கையில் இருந்தால் பக்கம் பக்கமாகப் பின்னே போகலாம். கட்டணம் கட்டினால் எவரும் பார்வையிடலாம், ஊரில் உள்ள உறவினர் ஒருவரை அனுப்பலாம். நொத்தாரிசு எழுதிய ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். எனவே மூலம் தொலைந்தாலும் பிரதி கிடைக்க வாய்ப்புண்டு.

அதற்கும் அப்பால் தோம்பு. பலர் பதிவகப் பிரதியையும் தோம்பு என்றே சொல்வார்கள். ஆனால் சொல் போர்த்துக்கேயருடையது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்களும், 1658இல் வந்த டச்சுக்காரரும் வரிக்காகக் காணியையும் ஆட்களையும் எழுதிவைத்தனர். டச்சுக் கம்பனியின் இலங்கைப் பத்திரங்கள் கொழும்பிலும் த ஹேக்கிலும் உள்ளன. அவற்றில் சாதியும் ஊழியக் கடமையும் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளன. பழைய பதிவைத் திறப்பவர் தமக்குப் பிடித்ததை மட்டும் பார்க்க இயலாது.

இங்கிருந்தே செய்யக்கூடியவையும் உண்டு. உங்கள் தகப்பனாரின் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே கேள்விதான் இன்று எமக்குப் பூட்டனார் ஊரைக் காட்டித் தருகிறது. இன்னும் வேண்டுமானால் பிக்கடில்லி லைனில் ஏறி ஹாமர்ஸ்மித்தில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறி கியூ கார்டன்ஸ் போகலாம். அங்குள்ள தேசிய சுவடிகள் நிலையத்தில் பழைய இலங்கை வர்த்தமானிகள் உள்ளன. வாசகர் அட்டை இலவசம், பேனா கொண்டு போகக்கூடாது, பென்சில் மட்டும். மரணசாதன வழக்கு அறிவித்தல்களில் இறந்தவரின் ஊரும் உரித்தாளிகளின் பெயரும் கிடைக்கும். மலாயாவில் உத்தியோகம் பார்த்த பாட்டன்மார் உள்ளவர்கள், சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியுள்ள பழைய பத்திரிகைகளையும் தேடலாம்.

"ஊருக்கே போகாதவனுக்கு உறுதி எதற்கு?" என்று என் மைத்துனர் கேட்டார். 2025 மார்ச் 28இல் இலங்கை அரசு வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைப் பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடில் அவை அரச காணியாகும் என்பது அதன் சாரம். ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது. ஆனால் அந்த மூன்று மாதமும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எத்தனை வீடுகளில் அலுமாரியைக் கிண்டியிருப்பார்கள்! காணிப் பெயர் தெரியாதவர் எந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்? அந்தப் பெயரை அறிந்தவர்கள் எண்பது கடந்தவர்கள். வருடாவருடம் எமது அந்தியேட்டிப் பட்டியல் நீள்கிறது.

அன்னதான மண்டபத்து ஆச்சியின் மூன்றாவது கேள்விக்கு, "இத்தியடி" என்று காணிப் பெயரைச் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி சற்று நேரம் யோசித்தார். "அப்ப எங்கடை கிணத்திலை உங்களுக்கும் பங்கு" என்றார். அடுத்த வெள்ளி அவருடைய தாயாரின் உறுதிப் பிரதி வந்தது. தெற்கு எல்லையில் அப்பம்மாவின் தாயாருடைய பெயர் இருந்தது. அதுவரை அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

உறுதி வாசிக்க உதவி தேவைப்படுவோர் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் என்னைச் சந்திக்கலாம். மூல உறுதியைக் கொண்டுவர வேண்டாம், பிரதி போதும். முடிந்தால் வீட்டிலுள்ள ஆச்சியையோ அப்புவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.