பில் இல்லாத சரக்கும் உரிமம் இல்லாத துப்பாக்கியும்

நமது சங்க உறுப்பினர்களில் சிலர் கடையின் பாதுகாப்பை முன்னிட்டும், வசூல் பணம் கொண்டு வருகையில் துணையாக இருக்கட்டும் என்றும் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் உரிமம் பெறும் எண்ணத்தில் இருக்கிறார்கள். ஆனால் இது பற்றிய சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

"சட்டம் போட்டால் திருடன் கேட்கவா போகிறான்? யோக்கியனைத்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுவார்கள்" என்று கடைவீதியில் பேசிக்கொள்வது உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். சட்டத்தைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. நான் விளங்கிக்கொண்டதை வியாபாரிக்குப் புரியும் கணக்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

சட்டம் யாரைத் தடுக்கிறது?

ஆங்கிலேயர் காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை நீக்கிவிட்டு, சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே. 2016-ல் புதிய விதிகளும், 2019-ல் முக்கியமான திருத்தங்களும் வந்தன. இவற்றில் நாம் அறிய வேண்டியவை:

1. உரிமம் இன்றித் துப்பாக்கி வாங்கவோ, வைத்திருக்கவோ கூடாது. 21 வயது நிரம்பாதவருக்கும், சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும் உரிமம் கிடையாது. வன்முறைக் குற்றத்திற்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை ஆயுதம் வைத்திருக்க முடியாது.

2. மனுதாரரைப் பற்றி அவர் பகுதிக் காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்படும். நமக்கு அலைச்சலாகத் தோன்றும் இந்த விசாரணைதான் குற்றவாளியை வாசலிலேயே நிறுத்துகிறது.

3. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 திருத்தத்தின்படி இரண்டு மட்டுமே. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது.

4. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ, விற்றாலோ ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. கல்யாணத்திலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் இப்போது தனிக் குற்றம்.

கணக்குப் புத்தகமே காவல்

துப்பாக்கிக் கடையும் ஒரு கடைதான். ஆனால் நம் கடைக்கு இல்லாத கட்டுப்பாடு அதற்கு உண்டு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை அழிப்பது குற்றம். எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் குற்றம். வரவு, விற்பனை, இருப்பு ஆகிய மூன்றுக்கும் பதிவேடு வைத்து, அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும். வாங்குபவரின் உரிமத்தைப் பார்க்காமல் ஒரு தோட்டா கூடக் கொடுக்கக் கூடாது.

ஆக, தொழிற்சாலையில் தொடங்கி உரிமதாரர் வீட்டு அலமாரி வரை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பேரேடு இருக்கிறது. திருடன் சட்டத்தை மதிக்க மாட்டான் என்பது உண்மையே. ஆனால் அவனுக்கும் யாராவது ஒருவர் சரக்கு கொடுத்தாக வேண்டும். அந்தக் கொடுக்கும் கையைக் கணக்கில் கொண்டு வருவதுதான் சட்டத்தின் வேலை.

ஓட்டை எங்கே?

பில் இல்லாமல் சரக்கு கைமாறும் இடத்தில்தான். அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அங்கு 1981-ல் அதிபர் ரீகனைச் சுட்ட சம்பவத்தில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டு பாய்ந்து முடமானார். அவர் பெயரால் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் விற்கும் முன்பு, வாங்குபவர் குற்றப் பின்னணி உடையவரா என்று சோதிக்கச் செய்தது அது. ஆனால் வியாபாரியாக இல்லாத தனி நபர், தன் மாநிலத்திலேயே இன்னொருவருக்குத் தன் துப்பாக்கியை விற்றால் இந்தச் சோதனையை மத்தியச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. சில மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் இயற்றி இந்த ஓட்டையை அடைத்தன. பிற மாநிலங்களில் அது திறந்தே கிடக்கிறது. முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பின்கதவுக்கும் பூட்டு உண்டு. சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கும் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்பதானாலும், வாங்குபவரின் பெயர் விலாசத்தோடு மாவட்ட நிர்வாகத்திற்கோ காவல் நிலையத்திற்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் நம் நாட்டில் கள்ளத் துப்பாக்கி புழங்கத்தான் செய்கிறது. பீகாரின் முங்கேர் நகரம் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் உள்ள அதே ஊரின் பெயர், கள்ளத் துப்பாக்கி வழக்குகளிலும் அடிபடுகிறது. ஒரே கைத்தொழில்தான், ஒன்றுக்குப் பதிவேடு உண்டு, மற்றதற்கு இல்லை. அங்கு சட்டப் புத்தகம் மட்டும் போதாது. சோதனையும் நேர்மையான நடவடிக்கையும் வேண்டும். ஆனால் பதிவேட்டில் உள்ள துப்பாக்கி பதிவேட்டை விட்டு நழுவாமல் பார்ப்பது உரிமதாரர்களாகிய நம் கையில் இருக்கிறது.

என் அனுபவம்

என் தகப்பனார் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அவர் காலமான பின் அது துணி சுற்றியபடி அலமாரிக்கு மேல் கிடந்தது. மண்டி வேலையில் நான் அதை மறந்தே போனேன். சில மாதம் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் வந்து, "தோட்டத்தில் பன்றித் தொல்லை, இரண்டு நாளைக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். பல வருடப் பழக்கம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, ஒரு வக்கீலைக் கேட்டேன். "கொடுத்தால் மட்டுமா குற்றம்? உங்கள் பெயரில் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்" என்றார் அவர். அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். ரசீது கைக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. கேட்டவர் நல்லவர்தான். ஆனால் அவர் கையிலிருந்து அது யார் கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

உறுப்பினர்கள் கவனத்திற்கு

உரிமம் முடியும் தேதியைக் கடை டைரியில் குறித்து வையுங்கள். காலாவதியானால் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

கல்லாப்பெட்டிக்குக் கீழேயும், மெத்தைக்கு அடியிலும் வைக்காதீர்கள். பூட்டிய இரும்பு அலமாரியில் வைத்து, சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள். திருட்டுப் போனால் அந்த நிமிடமே புகார் கொடுங்கள்.

வாரிசு பெயருக்கு உரிமம் கேட்க 2016 விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்காக விண்ணப்பிக்கலாம். வயதான உறுப்பினர்கள் இதை ஒத்திப்போட வேண்டாம்.

சொந்தக்காரரானாலும் சிநேகிதரானாலும் இரவல் மட்டும் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் போன சரக்குக்கு அபராதம் கட்டித் தப்பிக்கலாம். கணக்கில்லாமல் போன துப்பாக்கியால் ஓர் உயிர் போனால், அதை எந்தக் கணக்கில் எழுதி நேர் செய்வோம்?