மகளிர் புற்றுநோயும் ரோபோ அறுவை சிகிச்சையும்

மருத்துவத் துறையில் புதிய கருவி ஒன்று புகும்போது, அது எந்த நோய்க்கு எந்த அளவில் பயன்படும் என்று ஆராய்ந்து ஏற்பதே முறையாகும். மகளிர் புற்றுநோய்க்கான ரோபோ அறுவை சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கருவியின் இயல்பு

ரோபோ எனப்பட்டாலும் இக்கருவி தானாக இயங்குவதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, முப்பரிமாணப் படத்தைக் கண்டவாறு, நோயாளியின் வயிற்றில் சிறு துளைகள் வழியே செலுத்தப்பட்ட கருவிகளை இயக்குகிறார். கருவியின் நுனி மணிக்கட்டைப் போல் திரும்பும். கைநடுக்கம் அதனை எட்டாது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு மகளிர் நோய் அறுவைக்கு இதற்கு அனுமதி அளிக்கப்பட்டது.

இரு நோய்கள், இரு முடிவுகள்

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் வயிற்றைத் திறக்கும் முறையையும், சிறுதுளை வழி செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையையும் அமெரிக்க ஆய்வொன்று 2,616 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. 2012இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தோர் இரு பிரிவிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர். சிறுதுளைப் பிரிவில் சிக்கல்களும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைந்திருந்தன. ரோபோ முறையும் சிறுதுளை முறையே. ஆதலால் இந்நோயில் அது விரைவாகப் பரவியது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் நிலைமை வேறு. தொடக்க நிலை நோயுற்ற 631 பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு 2018இல் வெளியாயிற்று. நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர், திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை முறையில் 86 விழுக்காடு மட்டுமே. சிறுதுளைப் பிரிவில் பெரும்பாலோர்க்கு லேப்ராஸ்கோப்பியும், சிலர்க்கு ரோபோ முறையும் கையாளப்பட்டன. சிறிய தழும்பும் விரைவில் வீடு திரும்புதலும் நன்மைகளே எனினும், உயிருக்கு அவை ஈடாகா. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

இந்தியாவுக்கு உரியது

நம் நாட்டில் மகளிர் இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது கருப்பை வாய்ப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. பல கோடி ரூபாய் விலையுள்ள ரோபோ இந்நோய்க்கு விடையன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் அசெட்டிக் அமிலத்தைத் தடவிச் செய்த எளிய சோதனையால் இந்நோயின் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

ஆகவே, உட்சுவர்ப் புற்றுநோய்க்குத் தேர்ச்சி பெற்ற பெரிய மருத்துவமனைகளில் ரோபோ இடம்பெறலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ தடுப்பூசியும், முன்கூட்டிய சோதனையும், திறந்த அறுவையில் தேர்ந்த கைகளும், கதிரியக்கச் சிகிச்சை வசதியுமே முதற்கண் பெருக வேண்டியவை.