சாட்சிக் கூண்டில் இயன்முறைச் சிகிச்சையாளர்

சாலை விபத்தில் காயமுற்று இயன்முறைச் சிகிச்சைக்கு வருவோரில் பலர் இழப்பீட்டு வழக்கும் தொடுத்திருப்பர். அவர்களுள் சிலர், “அறிக்கையில் கொஞ்சம் கூட்டி எழுதித் தாருங்கள்” என்று கேட்பதுண்டு. அவர்களுடைய நெருக்கடி எமக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் அவ்வாறு எழுதினால் அது நோயாளருக்கே தீங்காய் முடியும்.

தனித்துறை அறிவு வேண்டப்படும் பொருள்களில் அத்துறை வல்லுநரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தில் அதுவே 39ஆம் பிரிவாக உள்ளது. ஊனத்தின் விழுக்காட்டை மதிப்பிட்டுச் சான்றளிப்போர் மருத்துவரும் மருத்துவக் குழுவுமே. அது இயன்முறைச் சிகிச்சையாளரின் பணியன்று. முதல் நாளில் மூட்டு எத்தனை பாகை மடங்கியது, மூன்று மாதம் கழித்து எத்தனை, தசைவலிமை ஐந்தில் எவ்வளவு, துணையின்றி எவ்வளவு தொலைவு நடந்தார் என்பனவற்றை அளந்து குறித்தவர் என்ற முறையிலேயே அவர் அழைக்கப்படுகிறார்.

இவ்வளவுகள் ஏன் வேண்டும்? உறுப்பின் ஊனம் வேறு, பொருளீட்டும் திறனின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருப்பின் ஏறத்தாழ முழு வருவாயும் போகலாம். அரசு அலுவலக எழுத்தராயின் வேலை நிலைக்கலாம் என்பது அத்தீர்ப்பு காட்டிய எடுத்துக்காட்டு. ஒரு கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். தோள் 180 பாகை உயரவேண்டிய இடத்தில் 90 பாகையே உயர்கிறது. சாரத்தில் நின்று மேற்கூரைக்குப் பூச்சு வேலை செய்ய அவரால் இனி இயலாது. சான்றிதழின் விழுக்காடு இதைச் சொல்லாது. கோணமானியால் அளந்த குறிப்பு சொல்லும். வருவாய் இழப்பு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்பாயமே.

குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். சென்ற வாரம் 90 பாகை, இவ்வாரம் காரணமின்றி 60 என்றிருந்தால், அந்த ஒரு வரியோடு மற்ற உண்மையான வரிகளும் ஐயத்திற்குள்ளாகும். சாட்சி சொல்ல வருபவர் நீதிமன்றத்திற்குக் கடமைப்பட்டவர். தம் நோயாளரின் கட்சிக்காரர் அல்லர்.

மறுபுறத் தவறும் உண்டு; எம் பார்வையில் அதுவே மிகுதி. வலி இருந்தும் “பரவாயில்லை” என்று சொல்லிவிடுவார்கள், குறிப்பாக முதியோர். அச்சொல்லும் பதிவேட்டில் ஏறிவிடும். பேருந்துச் செலவுக்கு இல்லாமல் சிகிச்சைக்கு வராத நாள்களையும் எதிர்த்தரப்பு அக்கறையின்மை என்று வாதிடக்கூடும். காரணத்தை அன்றே கூறினால் எழுதி வைக்க இயலும்.

வருகை அட்டையையும் கட்டண ரசீதுகளையும் ஒரே உறையில் வைத்திருங்கள். விபத்துக்கு முன் நீங்கள் செய்த வேலை, தூக்கிய எடை, ஏறிய படிகள் ஆகியவற்றை அடுத்த வருகையின்போது கூறுங்கள். உடன் வருவோர் கூறினாலும் குறித்துக்கொள்வோம்.