விண்கல்லைத் தொடப்போகும் தம்பிக்கு



விண்கற்களில் உயிரின் மூலப்பொருள்களைத் தேடும் ஆய்வில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ராக்கெட் கனவில் இருக்கும்போது, நீ வேதியியலைத் தேர்ந்திருக்கிறாய். உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: முதலில் உன் கையைச் சந்தேகப்படு.

1960களில் விண்கற்களில் அமினோ அமிலங்கள் கிடைத்ததாகச் சிலர் அறிவித்தார்கள். 1965இல் விரல் ரேகையைச் சோதித்தவர்கள், அதிலும் அவை இருப்பதைக் காட்டினார்கள். அறிவிப்புகள் ஆட்டம் கண்டன.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு கல் விழுந்தது. அதை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு வந்தவர். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் உண்டு. நம் உடலின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவமே. மர்ச்சிசனிலோ இரண்டும் ஏறக்குறையச் சமம். புரதங்களில் இல்லாத அமிலங்களும் இருந்தன. விரல் பட்டதால் வந்திருந்தால் இடக்கை மிகுந்திருக்கும். 1970இல் வெளியான அந்த முடிவு இன்றும் நிற்கிறது.

பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் வந்த 121.6 கிராம் மாதிரியிலும் இதே கவனத்தைப் பார். புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களில் 14உம், டிஎன்ஏ, ஆர்என்ஏவுக்கான ஐந்து காரங்களும் அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உப்புநீர் வற்றிப் படிந்த கனிமங்களும் இருந்தன; நம் சாப்பாட்டு உப்பும் அவற்றில் ஒன்று. இது உனக்குத் தெரிந்த பாடம். நம் உப்பளத்தில் கடல்நீர் பாத்தி மாறி வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், நீரின் அடர்த்தி 25 போமே டிகிரியை எட்டும்போது உப்பு. கடைசியில் மிஞ்சுவது மக்னீசியக் கசப்பு நீர். படிந்த வரிசையைக் கொண்டே பென்னு பிரிந்து வந்த தாய்க்கோளில் இருந்த நீரின் கதையை ஊகிக்கிறார்கள். மழைக்காலத்தில் மூட்டை உப்பு கசிவதைப் பார்த்தவன் நீ. பூமியின் ஈரக்காற்று பட்டால் பென்னுவின் உப்புகளும் தங்காது. நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்துக் கையாண்டதால்தான் அவை பிழைத்தன.

ஆய்வகத்தில் சேர்ந்ததும் கல்லைக் கேட்காதே. ஒரு வெறும் குப்பியை எடுத்து, கல்லுக்குச் செய்யும் அத்தனையையும் அதற்குச் செய். அந்த வெறும் குப்பியில் கிளைசின் என்ற அமினோ அமிலம் தெரிந்தால் மறைக்காமல் அளந்து நோட்டில் எழுது. எங்கிருந்து வந்தது என்று தேடு. நாளை உன் கண்டுபிடிப்பை அறிவிக்கும்போது முதலில் கேட்கப்போவது அந்தக் குப்பியைப் பற்றித்தான். அதற்கான பதிலை இப்போதிருந்தே சேர்த்து வை.

அன்புடன்,
உன் பழைய வேதியியல் ஆசிரியர்