கண்ணுக்கு எட்டாத நிறங்களும் கொழுந்தின் நோயும்



1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அதன் பாரதூரம் விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1946இல் தேயிலையையும் கொப்புள நோய் பிடித்தது. நோயை நேரத்தோடு காண வழியுண்டா? இவ்விதழில் இதைப் படிப்போம்.

எமது கண் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவையாகவே நிறங்களை அறிகிறது. பல்நிறமாலைக் கமராவோ ஒளியை நூற்றுக்கணக்கான கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. சுகமான இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையில் இந்த அளவு மாறும். இந்த மாற்றமே நாம் தேடும் அடையாளம். 2018 நவம்பர் 29இல் இந்தியா ஏவிய 'ஹைசிஸ்' செய்மதி இவ்வகைக் கமராவைக் கொண்டது.

ஆனால் இத்தனை கூறுகளையும் பதிந்து அனுப்புவது பெரும் சுமை. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியொன்றைக் கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டு விளக்குவோம். எட்டுச் சாக்குகள், ஒவ்வொன்றும் 20 கிலோ. ஒன்று மட்டும் ஈரத்தால் கனம் கூடியது. எட்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டியதில்லை. நான்கு நான்காக, ஆளை மாற்றுவதுபோல் சாக்குகளை முறையாக மாற்றி மூன்று தடவை நிறுத்தாலே அது எதுவெனக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறே ஒளிக்கூறுகளைக் கலந்து குறைவாக அளந்து, கணனியால் பிரித்தெடுக்கும் கமராவை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2007அளவில் உருவாக்கிக் காட்டினர். தேடும் அடையாளம் முன்னரே தெரிந்தால், முழுப்படத்தையும் மீள அமைக்காமலே அதைத் தேடவும் முடியும்.

எனினும் குறைகள் உண்டு. வரட்சியில் வாடிய இலையும் நோயுற்றதுபோல் தோன்றலாம். மேலும் ஹைசிஸ் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் நீள அகலம் கொண்டது; அதாவது ஏறத்தாழ 35 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்காணிகள் ஐந்து அதற்குள் அடங்கிவிடும்! இடம்பெயர்ந்து வந்து சிறு துண்டுக் காணியில் மீண்டும் வேரூன்றும் குடும்பத்தின் பயிர், வானத்திலிருந்து தனியே தெரியாது.

ஆகவே எமது கண்ணுக்கு ஓய்வில்லை. மூடுபனிக் காலத்தில் இளங்கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிறிய புள்ளியும், பின்னர் இலையின் அடியில் வெண்ணிறக் கொப்புளமும் தோன்றினால் அயலவருக்கும் உடனே சொல்லுங்கள்.

குழுவாகச் சிந்திக்க:
1. எமது பகுதியில் பயிர்நோயை முதலில் காண்பவர் யார்? அவர் சொல்வதைக் கேட்பவர் யார்?
2. செய்மதி தரும் தகவல் பெருந்தோட்டத்துக்கு மட்டுமன்றிச் சிறுகாணிக்காரருக்கும் கிடைக்க நாம் என்ன கேட்க வேண்டும்?